சிலிண்டரிலிருந்து குழாய்க்கு: அடுப்படியில் நிற்பவருக்கு யார் சொல்லித் தருவது?

தமிழகத்தின் பல மாவட்டங்களில் தெருக்களைத் தோண்டி எரிவாயுக் குழாய் பதிக்கிறார்கள். எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019இல் செயல்படத் தொடங்கியது. இராமநாதபுரம் – தூத்துக்குடி இடையே சுமார் 143 கிலோமீட்டர் நீளக் குழாய்த்தடம் 2021 பிப்ரவரி 17 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சென்னை, காஞ்சிபுரம், வேலூர், சேலம், கோவை, இராமநாதபுரம் என்று பகுதி வாரியாக விநியோக உரிமமும் வழங்கப்பட்டிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, கீழக்கரை போன்ற நம் மக்கள் அடர்ந்து வாழும் ஊர்கள் இந்த எல்லைக்குள் வருகின்றன.

இதைப் பற்றி நடக்கும் பேச்செல்லாம் விலையைச் சுற்றித்தான் இருக்கிறது. மாதம் எவ்வளவு மிச்சமாகும், மானியம் என்னவாகும், சிலிண்டரை மாடிக்குத் தூக்கும் தொல்லை தீருமா என்று கேட்கிறோம். நியாயமான கேள்விகள்தான். ஆனால் வீட்டுக்குள் வரப்போவது வேறொரு வாயு. சிலிண்டரில் நாற்பது ஆண்டு பழகியவர் குழாய் வாயுவையும் அதே பழக்கத்தோடு கையாண்டால் அது ஆபத்தில் முடியலாம். இதை அடுப்படியில் நிற்பவரிடம் யார் சொல்லப்போகிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஒன்று தரையில், ஒன்று கூரையில்

சிலிண்டரில் இருப்பது எல்.பி.ஜி. புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. அழுத்தத்தில் திரவமாக அடைக்கப்பட்டிருக்கும் இது, வெளியே வந்தால் ஏறத்தாழ 250 மடங்கு விரிந்து வாயுவாகிறது. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. அதனால் கசிந்தால் மேலே போகாது. தண்ணீரைப் போல் தரையில் பரவி, மேடைக்கு அடியிலும், சாக்கடைத் துளையிலும், படிக்கட்டுக்குக் கீழேயும் தேங்கி நிற்கும்.

குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட இலேசானது, ஏறக்குறையப் பாதி எடைதான். கசிந்தால் மேலே ஏறிக் கூரையை ஒட்டி நிற்கும். மேல் ஜன்னலோ வென்டிலேட்டரோ திறந்திருந்தால் வெளியேறிவிடும். எல்லாம் மூடியிருந்தால் கூரையடியில் சேர்ந்துகொண்டே போகும். அடுக்கு மாடிகளில் குழாய்கள் செல்லும் இடைவெளி வழியாக மேல்தளத்து வீட்டுக்கும் போய்விடும்.

எல்.பி.ஜி. காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். மீத்தேனுக்கு 5 விழுக்காடு வேண்டும். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் வீட்டுக்குள் குழாய் வாயுவின் அழுத்தம் மிகக் குறைவு. இந்த வகையில் குழாய் வாயு பாதுகாப்பானது என்று நிறுவனங்கள் சொல்வது உண்மை. ஆனால் சிலிண்டர் 14.2 கிலோவில் தீர்ந்துவிடும், குழாய் தீராது. யாராவது வால்வை மூடும்வரை வந்துகொண்டே இருக்கும். ஊருக்குப் போன வீட்டில் ஒரு சிறு கசிவு நாள்கணக்கில் நீடிக்கலாம்.

தரையில் தேங்கும் வாயுவுக்குக் கதவைத் திறக்க வேண்டும், கூரையில் தேங்கும் வாயுவுக்கு மேல் ஜன்னலைத் திறக்க வேண்டும். கடையில் வாங்கும் கசிவு எச்சரிக்கைக் கருவியைக்கூட, சிலிண்டர் வீட்டில் தரைக்கு அருகிலும், குழாய் வாயு வீட்டில் கூரைக்கு அருகிலும் பொருத்த வேண்டும். உயரம் மாறினால் கருவி இருந்தும் பயனில்லை.

இலங்கை கண்ட பாடம்

வாயு மாறியதை மக்களுக்குச் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை 2021இன் இறுதி மாதங்களில் இலங்கை கண்டது. தீவெங்கும் வீட்டு அடுப்படிகளில் நூற்றுக்கணக்கான வெடிப்புச் சம்பவங்கள் பதிவாகின, உயிர்களும் போயின. சிலிண்டரைத் தொடவே தாய்மார்கள் அஞ்சினார்கள். விறகடுப்புக்குத் திரும்பியவர்களும் உண்டு.

அன்றைய ஜனாதிபதி அமைத்த நிபுணர் குழு, கலவை விகிதம் மாற்றப்பட்டதே முதன்மைக் காரணம் என்று அறிக்கை கொடுத்தது. அதுவரை பியூட்டேன் மிகுந்தும் புரோப்பேன் குறைந்தும் இருந்த கலவையில் புரோப்பேனின் அளவு பெருமளவு கூட்டப்பட்டிருந்தது. புரோப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பழைய அழுத்தத்துக்குப் பழகிய ரெகுலேட்டரும் தேய்ந்த டியூபும் அதைத் தாங்காமல் கசிந்தன.

சிலிண்டரின் நிறம் மாறவில்லை, பெயர் மாறவில்லை, அடுப்பும் அதே அடுப்பு. உள்ளே இருந்த பொருள் மட்டும் மாறியது. அந்த ஒரு செய்தி நுகர்வோரின் காதுக்கு எட்டவில்லை. வீட்டில் எரியும் பொருள் என்ன, அதன் இயல்பு என்ன என்று அறிவது குடும்பத்தின் உரிமை. விற்பவர் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர். தமிழகத்தில் இன்று நடப்பது மறைவான மாற்றம் அல்ல, வெளிப்படையான மாற்றம்தான். ஆனால் இணைப்புப் படிவத்தில் ஆண் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட, அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு வால்வு எங்கே இருக்கிறது என்பதே தெரியாவிட்டால், விளைவில் பெரிய வேறுபாடு இருக்காது.

அந்த வாடை எப்படி வந்தது?

எரிவாயுவுக்கு இயல்பில் வாடை கிடையாது. நாம் முகர்வது, கசிவை உணர்த்துவதற்காகவே கலக்கப்படும் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம். அதற்குப் பின்னால் ஒரு பெரும் துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடம் வெடித்துச் சிதறியது. செலவைக் குறைக்க எண்ணி, எண்ணெய் வயலின் வாடையற்ற வாயுவைப் பள்ளிக்கு இழுத்திருந்தார்கள். அது கட்டடத்தின் அடியில் கசிந்து சேர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. ஒரு மின்கருவியின் பொறி போதுமானதாக இருந்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகே வாயுவில் வாடை கலப்பது சட்டமானது.

அந்த வாடையை முகர்ந்த பிறகும் "சோறு வடித்துவிட்டுப் பார்க்கலாம்" என்று நாம் இருந்தால், அத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்துக் கிடைத்த எச்சரிக்கையை வீணாக்குகிறோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூக்கு பழகிவிடும். சற்று நேரம் அதே இடத்தில் இருந்தால் வாடை குறைந்ததுபோல் தோன்றும், வாயு குறைந்திருக்காது. வயதானவர்களுக்கு முகரும் திறன் குறையும். கொரோனாவுக்குப் பின் வாடையறிவு முழுமையாகத் திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் வாப்பாவும் உம்மாவும் மட்டும் இருக்கும் குடும்பங்களில் எச்சரிக்கைக் கருவி ஆடம்பரம் அல்ல.

வாடை வந்தால் என்ன செய்வது?

கசிவு எங்கே என்று தேடுவதில் இறங்கக்கூடாது. முதலில் வாயுவை நிறுத்த வேண்டும், அடுத்து காற்றோட்டம் தர வேண்டும், பிறகு வெளியேற வேண்டும். தேடுவது அதற்கப்புறம், வேறொருவரின் வேலை.

எரியும் அடுப்பையும் விளக்கையும் அணையுங்கள். சிலிண்டர் என்றால் ரெகுலேட்டரை மூடுங்கள், முடிந்தால் கழற்றி வால்வின் மேல் பாதுகாப்பு மூடியைப் பொருத்துங்கள். அந்த மூடியைக் குழந்தைகள் விளையாட எடுத்துப் போகாதபடி சிலிண்டரிலேயே கட்டி வைப்பது நல்லது. குழாய் வாயு என்றால் அடுப்பருகே உள்ள வால்வையும், மீட்டர் அருகே உள்ள பிரதான வால்வையும் மூடுங்கள். கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது என்று பொருள், குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது.

கதவு, ஜன்னல், வென்டிலேட்டர் எல்லாவற்றையும் கையால் திறந்து விடுங்கள். மின்சாரச் சுவிட்சு எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வாயு போகட்டும் என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவது பலரும் நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. சுவிட்சுக்குள் எழும் சிறு பொறி ஒன்றே போதும். ஃபிரிட்ஜும் தானாக ஓடி நிற்கும் கருவிதான். அதனால் வீட்டுக்குள் நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது.

குழந்தைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள், லிஃப்டில் ஏறாதீர்கள். பக்கத்து வீட்டாரை எச்சரிக்கும்போது காலிங் பெல்லை அழுத்தாதீர்கள், கதவைத் தட்டிக் கூப்பிடுங்கள். செல்போனை வீட்டிலிருந்து தள்ளி நின்ற பிறகே எடுக்க வேண்டும். சிலிண்டர் கசிவுக்கு 1906 என்ற எண் இந்தியா முழுவதும் 24 மணி நேரமும் இயங்குகிறது. குழாய் இணைப்புக்கு அந்தந்த நிறுவனத்தின் அவசர எண் மீட்டர் அருகிலோ ரசீதிலோ இருக்கும். தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112.

ரமளான் மாத ஸஹர் நேரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரவெல்லாம் ஜன்னல் மூடிய அடுப்படிக்குள் தூக்கக் கலக்கத்தோடு நுழைந்து, முதல் வேலையாக லைட்டைப் போட்டு, அடுத்து லைட்டரைத் தட்டுகிறோம். இரவில் கசிந்திருந்தால் அதைவிட ஆபத்தான நேரம் வேறில்லை. கதவைத் திறந்து ஒரு நொடி நின்று முகர்ந்து, ஜன்னலைத் திறந்த பிறகு சுவிட்சில் கை வைக்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோரும் கற்க வேண்டும்.

சேலம் கருங்கல்பட்டியில் 2021 நவம்பர் 23 அன்று காலையில் ஒரு வீட்டில் சிலிண்டர் கசிந்து வெடித்ததில் ஒட்டியிருந்த வீடுகளும் சேர்ந்து இடிந்தன. ஐந்து பேர் இறந்தார்கள். பக்கத்து வீட்டில் வசித்த தீயணைப்புத் துறை அலுவலர் ஒருவரும் அவர்களில் அடக்கம். ஊரின் தீயையெல்லாம் அணைத்தவருக்குத் தன் சுவருக்கு அப்பால் கசிந்த வாயுவிலிருந்து தப்ப வழியில்லை. நம் தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டித்தான் வீடுகள் இருக்கின்றன. கசிவைப் பொருட்படுத்தாமல் விடுவது அண்டை வீட்டாரின் உயிரோடு விளையாடுவதாகும்.

கசிவைக் கண்டுபிடிக்கும் முறை

வாடை இல்லாத நாளில், மாதம் ஒருமுறை, வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கிண்ணத்தில் சோப்பு நீரை நன்றாக நுரைக்கக் கலக்குங்கள். அடுப்புத் திருகுகளை மூடி, வால்வைத் திறந்து வைத்து, ரெகுலேட்டர் இணைப்பு, டியூபின் இரு முனைகள், டியூபின் உடல், குழாய் இணைப்புகள் ஆகியவற்றில் பிரஷ்ஷாலோ ஸ்பாஞ்சாலோ தடவுங்கள். குமிழி எழுந்தால் அங்கே கசிகிறது. உடனே மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் "அனுபவசாலி" எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார். அவரை அடுப்படிக்குள் விடாதீர்கள்.

குழாய் வாயுவில் மீட்டரே ஒரு சாட்சி. எல்லா அடுப்பையும் மூடிவிட்டு மீட்டரின் கடைசி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். யாரும் பயன்படுத்தாமலேயே எண் நகர்ந்திருந்தால் மீட்டருக்கும் அடுப்புக்கும் இடையில் எங்கோ கசிகிறது.

சிலிண்டரிலும் குழாயிலும் பலவீனமான இடம் ஒன்றே. அடுப்புக்கு வரும் கடைசி முழ நீள ரப்பர் டியூப்தான் அது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, உள்ளே கம்பிவலை வைத்த டியூபையே வாங்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வெடிப்பு தெரிந்தால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் கூடாது, நடுவில் ஒட்டுப் போடக்கூடாது, துணியோ பிளாஸ்டிக்கோ சுற்றி மறைக்கக்கூடாது.

சிலிண்டரின் கழுத்துத் தகட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி என்றால் செப்டம்பர் வரை, டி என்றால் டிசம்பர் வரை. இலக்கம் ஆண்டைக் குறிக்கும். அந்தக் காலம் கடந்த சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு.

பழுதுபார்ப்பது யார்?

டியூப் மாற்றுவது, வால்வுக்குள் உள்ள வாஷர் மாற்றுவது, ரெகுலேட்டர் மாற்றுவது எல்லாம் விநியோகஸ்தர் அனுப்பும் பயிற்சி பெற்ற ஆளின் வேலை. கசியும் இணைப்பில் சோப்பை அப்புவதும், எம்-சீல் வைப்பதும், டேப் சுற்றுவதும் பழுதுபார்ப்பு ஆகாது. அவை கசிவைக் கண்ணிலிருந்து மறைக்கின்றன, அவ்வளவுதான்.

குழாய் இணைப்பில் இன்னும் கண்டிப்பு வேண்டும். சுவரில் ஓடும் குழாயைத் திருப்பவோ நீட்டவோ நிறுவனத்தின் ஆளைத் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை. சமையலறையைப் புதுப்பிக்கும்போது குழாயை மரப்பலகைக்குள் மறைப்பதும், அது ஓடும் இடம் தெரியாமல் கொத்தனார் துளை போடுவதும் ஆபத்தை அழைப்பவை.

சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறும்போது அடுப்பின் ஜெட்டையும் மாற்ற வேண்டும். குழாய் வாயுவுக்கு அதன் துளை பெரிதாக இருக்கும். அப்படி மாற்றிய அடுப்பை ஊருக்கு எடுத்துச் சென்று மீண்டும் சிலிண்டரில் இணைத்தால் தீ கட்டுக்கடங்காமல் எழும். மகளின் வீட்டுக்குப் பழைய அடுப்பைக் கொடுத்தனுப்பும் தாய்மார்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் சர்வீஸ் தேவை.

கையெழுத்தோடு முடியும் ஆய்வு

சிலிண்டர் இணைப்புகளை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து ஆய்வு செய்ய வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. பல வீடுகளில் இது வாசலிலேயே முடிந்துவிடுகிறது. வீட்டு ஆண்கள் வளைகுடாவில் அல்லது கடையில். தனியாக இருக்கும் பெண் முன்பின் தெரியாத ஆணை அடுப்படிவரை விடத் தயங்குகிறார். வந்தவருக்கும் அது வசதியாகப் போகிறது. சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆய்வு நடந்ததாகப் பதிவாகிறது, டியூப் மட்டும் பத்து ஆண்டு பழையதாகவே தொங்குகிறது.

அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு விலையாக உயிரைக் கொடுக்கவும் முடியாது. ஆய்வு நாளை முன்கூட்டியே கேட்டு, அண்ணனையோ மாமாவையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ உடன் வைத்துக்கொண்டு, அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விடலாம். பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்பதில் மட்டும் உறுதி வேண்டும்.

விபத்து நேர்ந்தால் எண்ணெய் நிறுவனங்களின் காப்பீட்டில் உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய் வரை வழி உண்டு, சிகிச்சைக்கும் சொத்துச் சேதத்துக்கும் தனி வரம்பு உண்டு. வீட்டில் நடந்த சொத்துச் சேதத்துக்கு இணைப்பு பதிவான முகவரியாக அது இருக்க வேண்டும். உறவினர் பெயரில் உள்ள சிலிண்டரை வேறு வீட்டில் வைத்து எரிப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மஹல்லா செய்யக்கூடியது

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு குடியிருந்தவர்களோடு எரிந்த செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு மனிதருக்குப் பகை என்றும் உறங்கும்முன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்ற காரணமும் புகாரியின் மற்றோர் அறிவிப்பில் வருகிறது. இன்று அடுப்படி எலி ரப்பர் டியூபைக் கடிக்கிறது. இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டு உறங்குவது அந்த அறிவுரையை நம் காலத்தில் கடைப்பிடிக்கும் எளிய வழி.

இதை வீட்டுக்கு வீடு விட்டுவிடாமல் ஜமாஅத்துகள் கையில் எடுக்கலாம். விநியோகஸ்தரிடம் பேசித் தெரு வாரியாக ஆய்வு நாள் வாங்கி, ஜமாஅத் சார்பில் இருவர் உடன் செல்லட்டும். பெண்கள் மதரஸாவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வால்வை மூடுவதையும் சோப்பு நீர்ச் சோதனையையும் கையால் செய்து பார்க்க வைக்கட்டும். டியூப் மாற்றப் பணமில்லாத ஏழை வீடுகளுக்கு பைத்துல்மாலிலிருந்து உதவட்டும். நோன்புக் கஞ்சி காய்ச்சும் இடத்திலும் கல்யாண மண்டபத்திலும் வரிசையாக நிற்கும் பெரிய சிலிண்டர்களும் சோதிக்கப்படட்டும்.

குழாய் வரும் ஊர்களில், இணைப்புக் கொடுக்கும் நிறுவனம் தமிழில் செயல்முறை விளக்கம் தர வேண்டும், அதைப் பெண்கள் இருக்கும் நேரத்தில் தர வேண்டும் என்று ஜமாஅத்தும் வார்டு உறுப்பினரும் கேட்டுப் பெற வேண்டும். கேட்டால் தருவார்கள், அது அவர்கள் கடமையும்கூட.

இன்று இரவு உறங்கப் போகும்முன் வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் அடுப்படிக்கு அழைத்து வால்வைத் திறக்கவும் மூடவும் சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகும் மகளுக்கும் வயதான உம்மாவுக்கும் அது தெரிந்திருந்தால், நீங்கள் வெளிநாட்டில் நிம்மதியாக உறங்கலாம்.